நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறவர்

கோயம்புத்தூரிலிருந்து டெல்லி போகிற விமானத்தில் ஏறினால் பாதிப்பேர் எங்கள் திருப்பூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். கதவைச் சாத்திய பிறகும் ஒருவரும் போனைக் கீழே வைக்க மாட்டார்கள். “ஷேடு ஓகேங்க, டையிங்குக்குப் போட்டுருங்க” என்று முன்னால் ஒரு குரல். “கார்ட்டன் நாளைக்குத் தூத்துக்குடிக்கு வண்டி ஏறியாகோணும், லேபிள் வரலீன்னு கதை சொல்லாதீங்க” என்று பின்னால் ஒரு குரல். பணிப்பெண் வந்து நின்றால் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு தலையாட்டி, போனை ஃபிளைட் மோடில் போட்டதாகப் பாவனை காட்டுவார்கள். அவர் இரண்டு வரிசை தாண்டியதும் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும்.

நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. அதாவது வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் டையிங், பிரிண்டிங், தையல் ஆட்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. மின்சாதனங்களை அணைக்கச் சொல்லும் அந்த அறிவிப்பை நான் ஒருநாளும் முழுதாகக் காதில் வாங்கியதில்லை. அதை மதித்து, சொன்னதற்கும் மேலே நடந்த ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவர் என் அப்பா. அவர் அப்படி நடந்ததால் எனக்கு என்ன ஆனது என்பதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவுக்குச் சாமளாபுரத்தில் தறிக்குடோன் இருந்தது. விசைத்தறி ஓடும்போது உள்ளே நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே வாய் என்பது சும்மா முகத்தில் இருக்கிற ஓட்டை. எல்லாம் கையும் கண்ணும்தான். நூல் தீர்ந்ததற்கு ஒரு விரல், டீ வந்ததற்கு ஒரு விரல், முதலாளி வருகிறார் என்பதற்கு மீசை முறுக்கல். யாராவது நம்மைப் பார்த்து வாயசைத்தால் ஒரு தலையாட்டு தலையாட்டிவிட வேண்டும். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. ‘நீ என்னமோ சொல்கிறாய் என்று பார்த்துவிட்டேன், வேலையைப் பார்’ என்று அர்த்தம். நாங்கள் அண்ணனும் தங்கையும் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், அடி விழும்.

அந்தத் தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் காதைத் தின்றுவிட்டது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தறிகளை எங்கள் பங்காளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்தபோது, வீட்டில் டிவி போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து “ஏனுங்க, உங்க ஊட்டுச் சீரியலு எங்க ஊட்டுல கேக்குதுங்க, நாங்க வேற போடறதில்லீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் இடது காதுக்குக் காது மிஷின் வாங்கினோம். காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் சின்ன மிஷின். பேட்டரி இருக்கும் குட்டிக் கதவை நகத்தால் நெம்பித் திறந்தால் அணைந்துவிடும், மூடினால் ஓடும்.

அது வந்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒரு மறதி வந்துவிட்டது. அப்பாவுக்குக் காது கேட்காது என்பதையே மறந்துபோனோம். முன்பெல்லாம் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று பேசுவோம். மிஷின் வந்ததும் சமையலறையிலிருந்து பேசினோம், முதுகுக்குப் பின்னால் பேசினோம், எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினோம். அவரும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்பா கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிற ஒரே சொல் ‘நிறுத்து’. வேறு எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேட்பார். நிறுத்து என்றால் மட்டும் முதலில் நிறுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். தறிக்குடோனில் அதுதான் சட்டம். யாரோ ஒருவர் கை பெல்ட்டுக்குள் போயிருக்கலாம். லைன்மேன் கம்பத்தின் மேல் ஏறியிருக்கலாம். காரணம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு உயிர் போய்விடும். அதனால் மின்சார வாரியத்திலிருந்து நிறுத்தச் சொன்னால் குடோனில் தறியை மட்டுமில்லாமல் லைட், ஃபேன், ரேடியோ என்று மெயினோடு இழுத்துவிட்டு, அவர்களே வந்து போடச் சொல்லும்வரை ஒரு சுவிட்சையும் தொட விடமாட்டார். அக்கம்பக்கத்துக் குடோன்காரர்கள் இதை வைத்து அவரைக் கேலி பண்ணுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த நாட்களில் என் கம்பெனியில் துணி செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினேன். தென்பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் அமாவாசை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். இந்த வித்தியாசத்தின் கனம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கு அதிகம் பேச்சு கிடையாது. ரோலை விரித்து விளக்கடியில் துணியைப் பார்க்கும்போது எப்படி முகம் வைத்திருப்பாரோ, அப்படியேதான் நான் பேசும்போதும் என்னைப் பார்ப்பார். ஒரு பழுதையும் விடாமல் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்கிற முகம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“உங்க அப்பாட்ட நானே வந்து பேசுதேன்” என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் வாசலில் வந்து நின்றால் அப்பா காப்பி கொடுத்து, ஊர் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் முடியாது என்று சொல்லும் முறை அதுதான். முன்பு ஒருமுறை அண்ணனுக்குப் பெண் கொடுக்க ஒரு பெரிய இடத்திலிருந்து வந்தார்கள். அப்பாவுக்கு விருப்பமில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, “உங்க பக்கம் போர்ல தண்ணி எத்தன அடியில நிக்குதுங்க?” என்றார். வந்தவர்கள் புரிந்துகொண்டு, தண்ணீரைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அப்புறமும் கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் கைகூப்பிக்கொள்வார்கள். ஒரு மனத்தாங்கலும் கிடையாது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் பக்கத்தில் கதவை அறைந்து சாத்துவது மாதிரி. பேச்சை மாற்றினால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதனால் நானே சொல்வதென்று முடிவு செய்தேன். ஆனால் எங்கே வைத்துச் சொல்வது? வீட்டில் எந்நேரமும் யாராவது வந்துகொண்டிருப்பார்கள். அப்பாவின் போனும் ஓயாது. நூல் வியாபாரியிலிருந்து பங்காளி வரை எல்லோருக்கும் அவர்தான் யோசனை சொல்ல வேண்டும். கோபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து குடோன் பக்கம் போய்விடுவார், பிறகு சாயங்காலம்தான் திரும்புவார். அப்போதுதான் டெல்லியில் இருக்கும் அண்ணனுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. அம்மா ஒத்தாசைக்கு முன்பே போயிருந்தார். அப்பாவை விமானத்தில் நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. டிக்கெட் எடுக்கும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. விமானத்தில் போன் அடிக்காது. பெல்ட் போட்டிருப்பதால் எழுந்து போகவும் முடியாது. போக நினைத்தாலும் டெல்லி வரைக்கும் போக இடமில்லை. இதைவிட நல்ல இடம் பூமியில் கிடைக்காது என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு அது முதல் விமானப் பயணம். பேத்திக்காக ஊத்துக்குளி நெய்யை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். பவர் பேங்கைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்திருந்தார். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும் என்றேன். “தீப்புடிக்கற சாமானக் கையில வெச்சுக்கிட்டு, திங்கற சாமானத் தூக்கிப் பெட்டியில போடறதா? இது எந்த ஊரு ஞாயம் கண்ணு?” என்றார். பேட்டரி தீப்பிடித்தால் கண்ணெதிரே இருந்தால்தான் அணைக்க முடியும் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். அதற்கப்புறம் விமான நிலையத்தில் என்ன சொன்னாலும் செய்தார். பெல்ட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே கழற்றிவிட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

விமானத்தில் அவருக்கு இடதுபக்க ஜன்னல் சீட், எனக்கு அவருக்குப் பக்கத்து சீட். அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடியது. நான் போனில் குனிந்திருந்தேன். ‘இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவேன்’ என்று கம்பெனியில் இருந்த அவருக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

“என்ன கண்ணு சொல்றாங்க?”

“கரண்ட் சாமானையெல்லாம் நிறுத்தச் சொல்றாங்கப்பா.”

“எல்லாத்தையுமா?”

“ஆமாங்கப்பா, எல்லாத்தையும்” என்றேன், போனிலிருந்து தலை நிமிராமல்.

அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். நான் அதை அணைத்துக் கொடுத்தேன். என் போனை ஃபிளைட் மோடில் போட்டு பைக்குள் வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே போய், விளக்குகள் மாறி, டீ விற்கிற வண்டி எங்களைத் தாண்டிய பிறகு நான் பேச ஆரம்பித்தேன். பெற்ற அப்பாவிடம் இப்படி ஒரு விஷயத்தை முகம் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மறுபக்கம் இருந்தவருக்குக் கேட்காத அளவு குரலைத் தாழ்த்திப் பேசினேன். அவர் யார், எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் எல்லாம் சொன்னேன். சர்ச்சுக்குப் போகிறவர் என்பதைக் கடைசியில் சொன்னேன். அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. தொடர்ந்து பேசினேன்.

“உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணமாட்டேங்கப்பா. நீங்க சரின்னாச் சரி. வேண்டான்னா அதோட உட்டர்றேன். மறுபடி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பி, “என்னங்கப்பா சொல்றீங்க?” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகச் சிரித்தார். ஜன்னலைக் காட்டினார்.

“கீழ பாரு கண்ணு. காடாத் துணிய விரிச்சு உட்ட மாதிரி இருக்குது மேகம். இத்தன துணிய எந்தக் குடோன்ல ஓட்டுனாங்களோ.”

நான் பார்த்தேன். மேகம் அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு அவர் அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு வந்தார். விமானம் என்பதால் சத்தமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போர் தண்ணீரைப் பற்றிக் கேட்டு அனுப்பப்பட்டவர்கள் எப்படிச் செருப்பை மாட்டினார்களோ அப்படித்தான் நானும் என் ஆசையை மடித்து வைத்துக்கொண்டேன். அவருடைய சிரிப்புத்தான் என்னை அதிகம் சுட்டது. இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு வெளியாளை அனுப்புவதைப் போல இத்தனை இனிமையாக அனுப்பிவிட்டாரே. டெல்லி போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு லீவு இல்லாததால் நான் உடனே திரும்பிவிட்டேன். அப்பாவும் அம்மாவும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ரயிலில் வந்தார்கள். கம்பெனி கேண்டீனில் நான் விரும்பியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரியவேயில்லை.

“மேகத்தப் பத்திப் பேசுனா வேண்டாம்னு அர்த்தமா? எங்க ஊர்ல வேண்டாம்னா மூஞ்சிக்கு நேராவே சொல்லிருவாவ.”

“எங்க ஊர்ல இப்படித்தாங்க” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு என் ஊரின் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் வெகுநாள் காத்திருந்தார். நான் மறுபடி கேட்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேனே, அந்த வீம்பில் நின்றேன். பிறகு அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வேலையை விட்டு ஊருக்குப் போனார். கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. வாழ்த்துகள் என்று தட்டி, கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். அன்றைக்கு ஷிப்மெண்ட் இருந்தது. அழக்கூட நேரமில்லாத வேலை, அந்த விதத்தில் நல்ல வேலை.

அதன் பிறகு வந்த வரன்களையெல்லாம் நான் தட்டிக்கழித்தேன். அப்பாவிடம் பேச்சைக் குறைத்தேன். கோபத்தைக் காட்டினேன் என்று சொல்ல முடியாது, எங்கள் வீட்டில் அதற்கும் மரியாதையான வழிகள் உண்டு. “சாப்டியா கண்ணு?” என்றால் “ஆச்சுங்கப்பா.” “கம்பெனியில எப்படிப் போகுது?” என்றால் “போகுதுங்கப்பா.” அவ்வளவுதான். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பையர்களை நடித்துக் காட்டுவேன், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதெல்லாம் நின்றுபோனது. ஒருநாள் அவர் பஸ் ஏறிப் போய்க் காது மிஷினைக் கடையில் காட்டிவிட்டு வந்ததாக அம்மா சொன்னார். மிஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். “என்னமோ எல்லாச் சத்தமும் வருது, புள்ளை சத்தந்தான் கம்மியா வருதுன்னு சொன்னாராம் கடைக்காரன்கிட்ட” என்று அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

சென்ற வருடம் மறுபடி டெல்லிக்குப் போனோம். பேத்தி பள்ளிக்கூட விழாவில் ஆடப்போகிறாள், தாத்தா வந்தே ஆகவேண்டும் என்று வீடியோ காலில் அடம் பிடித்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரமுடியவில்லை. மறுபடி நானும் அப்பாவும் மட்டும். இந்தமுறை வலதுபக்க ஜன்னல் சீட் கிடைத்தது. அதனால் அவருடைய இடது காது என் பக்கம் இருந்தது.

அறிவிப்பு வந்தது. முன்னால் ஒருவர் யாரையோ “பிரிண்ட்டு டேமேஜ் யாரு தலையில கட்டறது” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா தன் போனைத் தானே அணைத்தார், அதற்குள் பழகியிருந்தார். பிறகு கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், நகத்தால் மிஷினின் குட்டிக் கதவை நெம்பினார். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. “என்னங்கப்பா பண்றீங்க?” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன், காதைக் காட்டினேன்.

“நிறுத்தச் சொன்னாங்கல்ல கண்ணு” என்றார், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

பணிப்பெண் வந்துவிட்டார். சென்னைப் பெண் போலிருக்கிறது, தமிழில் பேசினார். காது மிஷினை நிறுத்தத் தேவையே இல்லை, அதை எப்போதும் போட்டிருக்கலாம், போன் மாதிரியான சாமான்களுக்குத்தான் அந்த விதி என்று சொன்னார். நான் அதைக் கையால் அப்பாவுக்குச் சொன்னேன், குடோன் பாஷையில். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு கதவை மூடினார்.

விமானம் ஓடி, எழும்பி, நேராகும்வரை அந்தக் குட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

“அப்பா, மொத தடவ வந்தப்பவும் இதை நிறுத்தியிருந்தீங்களா?”

“கெளம்புனதுலருந்து எறங்குற வரைக்கும் நிறுத்தித்தான் வெச்சிருந்தேன். நீதான எல்லாத்தையும்னு சொன்னே.” பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சிரித்தார். “நீ அன்னைக்கு என்னமோ பேசிக்கிட்டே வந்தே. பக்கத்துல இருக்கறவன்கிட்டப் பேசறயா, எங்கிட்டப் பேசறயான்னே தெரியல. நானும் தலைய ஆட்டிக்கிட்டு வந்தேன்.”

நான் இந்தமுறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். முதலிலிருந்து, ஒன்றுவிடாமல். அன்றைக்கு முன்சீட்டிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். மேகத்தைக் காட்டியதைச் சொன்னேன், அதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொன்னேன். அவர் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டதைச் சொன்னேன். ஒரு குழந்தை இருப்பதையும் சொன்னேன். அப்பா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. மிஷின் இருக்கிற காதை எனக்கு நேராக வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

“அதனாலதான் வந்த மாப்பிள்ளையெல்லாம் வேண்டான்னியா?”

“ஆமாங்கப்பா.”

“எங்கிட்டப் பேசாம இருந்ததும் அதுக்குத்தானா?”

அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்பா என் பக்கம் முழுதாகத் திரும்பினார். “வெளியாளுகளுக்கு வேண்டான்னு சொல்லோணும்னா மழையப் பத்திப் பேசுவேன், தண்ணியப் பத்திப் பேசுவேன். பெத்த புள்ளைகிட்டயுமா அப்படிப் பேசுவேன்? எங்காது கேட்டிருந்தா அந்த எடத்துலயே கத்தியிருக்கமாட்டனா?”

எனக்கு அது ஏன் தோன்றாமல் போனது? எத்தனை முறை என்மேல் கத்தியிருக்கிறார். ஸ்கூட்டியை வேகமாக ஓட்டியதற்கு, ராத்திரி கம்பெனியிலேயே தங்கியதற்கு, காப்பியில் சர்க்கரை போட மறந்ததற்குக்கூடக் கத்தியிருக்கிறார். என்னிடம் ஒருநாளும் அவர் பேச்சை மாற்றியதில்லை. ஊருக்குச் செய்கிற மரியாதையை அவர் எனக்குச் செய்வார் என்று நான் நினைத்ததுதான் பெரிய அவமரியாதை.

“சரின்னு சொல்லியிருப்பன்னு இப்பச் சொன்னா அது பொய்யி கண்ணு” என்றார் அப்பா. “வேண்டான்னுதான் சொல்லியிருப்பேன். குதிகுதின்னு குதிச்சிருப்பேன். உங்கம்மா ஒரு பக்கம் அழுதிருப்பா. ஒரு வருசம் உங்கூடப் பேசாம இருந்திருப்பேன்.” விரலால் ஜன்னல் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கு மேல என்னால இருக்க முடிஞ்சிருக்காது. நானே கெளம்பி அந்தப் பையன் ஊட்டுக்குப் போயிருப்பேன்.”

அவரை மணக்க முடியாமல் போன வருத்தம் எனக்கு ஒரு மாதிரி பழகிவிட்டது. தேய்ந்த செருப்பு காலுக்குப் பழகுவதைப் போல அது பழகிவிடுகிறது. அப்பா என்னோடு போட்டிருக்க வேண்டிய அந்தச் சண்டை மட்டும் இன்றுவரை பழகவில்லை. அவர் பேசாமல் இருந்திருக்கக்கூடிய அந்த ஒரு வருடத்தை நினைத்தால் ஆசையாக இருக்கிறது. அதற்குப் பதிலாக நான் அவருக்குக் கொடுத்த வருடங்களை நினைத்தால் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விமானம் இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தரையைத் தொடும் முன்பே போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். அப்பா வெகுநேரமாக எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல மிகவும் மெல்லமாகக் கேட்டார்.

“இப்ப நான் போயி ஒரு வார்த்தை பேசிப் பாத்தா என்ன கண்ணு?”

“அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்கப்பா. இப்பத்தான சொன்னேன்.”

“ஆமா, சொன்னே” என்றார் அப்பா. “கேட்டுச்சு.”